பேசாத நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழில், கடலுக்கு மேலே பறக்கும் விமானங்களைச் செயற்கைக்கோள் மூலம் கண்காணிப்பது பற்றி ஒரு செய்தி வந்திருந்தது. எரிபொருள் மிச்சமாகும், பயண நேரம் குறையும், புகை குறையும் என்று எழுதியிருந்தீர்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த வேலையிலேயே முப்பத்தாறு வருடம் இருந்தவன் நான். அந்தச் செய்தியில் விட்டுப்போன ஒன்று எனக்கு இரண்டு நாளாக மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன், கடிதம் நீண்டுவிட்டது. முழுவதும் படித்துவிட்டுப் பிரசுரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

எனக்கு நெகமம் பக்கம் ஒரு கிராமம். 1981-ல் சிவில் விமானப் போக்குவரத்துத் துறையில் தகவல் தொடர்பு உதவியாளராகச் சேர்ந்தேன். அலகாபாத் பம்ரௌலியில் பயிற்சி. பிறகு பெரும்பகுதி மீனம்பாக்கத்தில். துறை ஆணையமாக மாறியது, மெட்ராஸ் சென்னையாக மாறியது, நான் ரேடியோவை விட்டு எழவில்லை. 2017-ல் ஓய்வு பெற்று ஊர் வந்து, அப்பா வைத்துவிட்டுப்போன தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் மகள் குடும்பம் சிங்கப்பூரில். போன ஐப்பசியில் தீபாவளிக்கு வந்தார்கள். விமானம் கிளம்பியதிலிருந்து என் மனைவி கையில் செல்போன். விமானங்களை வரைபடத்தில் காட்டும் செயலி ஒன்றைப் பேரன்தான் போன முறை வந்தபோது அவளுக்குப் போட்டுக் கொடுத்தான். மஞ்சள் நிறத்தில் சின்ன விமானம். அது மலாக்கா நீரிணையைத் தாண்டி, சுமத்ராவின் முனையைக் கடந்து, நீல நிறத்துக்குள் நுழைந்தது.

“ஏனுங், பாருங்க, நவுந்துட்டேதான் இருக்குது. கண்ணு இந்நேரம் தூங்கியிருப்பானாட்டம் இருக்குது” என்றாள்.

நான் எட்டிப் பார்த்தேன். விமானம் நகர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஓரத்தில் சின்ன எழுத்தில் ‘மதிப்பீடு’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் இருந்தது. அதாவது அந்த விமானம் எங்கே இருக்கிறது என்று அந்தச் செயலிக்கு அப்போது தெரியாது. கடைசியாகக் கேட்ட இடத்தையும் வேகத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு, இந்நேரம் இங்கே இருக்கலாம் என்று ஒரு படத்தை நகர்த்துகிறது. நிலத்தில் ஆங்காங்கே ஆர்வலர்கள் வைத்திருக்கும் வாங்கிகளை, அதாவது விமானத்தின் சமிக்ஞையைக் கேட்கும் ரிசீவர்களை, கொண்டு இயங்குவது அது. நடுக்கடலில் அந்த வாங்கியை யார் வைப்பது? நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. நகர்வதைப் பார்த்து அவள் நிம்மதியாக இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் படமும் மறைந்துவிட்டது. “ஏனுங், காணமுங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து நின்றது. இலங்கைப் பக்கம் வந்ததும் தெரியும் என்று சொல்லி உட்கார வைத்தேன். அப்படியே தெரிந்தது. பத்து மணிக்கு மேல் கோவை பீளமேடு விமான நிலையத்தில் இறங்கினார்கள்.

அந்த முக்கால் மணி நேரம் என் மனைவி பட்ட பாட்டை நான் பணியில் இருந்த காலத்தில் எத்தனையோ இரவுகள் பட்டிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

ரேடார் என்றால் வானம் முழுவதும் தெரியும் என்று பலரும் நினைக்கிறார்கள். எங்கள் தோப்பில் நின்று ஆனைமலையைப் பார்க்கலாம். மலைக்கு அந்தப் பக்கம் வால்பாறையில் மழையா வெயிலா என்று பார்க்க முடியாது. ரேடாருக்குப் பூமியின் வளைவே மலை. முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் போகும் விமானம்கூடக் கரையிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தாண்டினால் வளைவுக்குக் கீழே இறங்கிவிடும். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே சுமார் 1,370 கிலோமீட்டர். இந்தியா பொறுப்பேற்றுப் பார்த்துக்கொள்ளும் வான்வெளி 28 லட்சம் சதுரக் கடல் மைல், அதில் 17 லட்சம் கடலுக்கு மேலே இருக்கிறது. வங்கக் கடலும் அரபிக் கடலும் இந்தியப் பெருங்கடலின் ஒரு பெரும் துண்டும் நம் கணக்கில்தான் வருகின்றன.

அங்கே பறக்கும் விமானத்தை நாங்கள் எப்படிப் பின்தொடர்ந்தோம்? குரலை வைத்துத்தான். எச்.எஃப். ரேடியோ. அந்த அலை மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வரும், அதனால் தூரத்துக்குப் போகும். பகலில் பத்து மெகாஹெர்ட்ஸ் நன்றாக இருந்தால், பொழுது சாய்ந்ததும் ஆறுக்கு இறங்க வேண்டும், நடுநிசிக்கு மேல் மூன்றுக்கு. இடி மின்னல் இருந்தால் காதில் வறுகடலைச் சட்டியை வைத்த மாதிரி இருக்கும். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் வரும்: விமானத்தின் பெயர், கடந்த புள்ளி, நேரம், உயரம், அடுத்த புள்ளியை எத்தனை மணிக்குத் தொடும். நாங்கள் அதைத் திருப்பிச் சொல்லி, எழுதி, விமானங்களுக்கு வழிசொல்லும் கண்ட்ரோலருக்கு அனுப்புவோம். அவர் தன் முன்னால் இருக்கும் காகிதப் பட்டையில் எழுதுவார். அந்தப் பட்டைதான் விமானம். அடுத்த குரல் வரும்வரை, அரை மணியோ முக்கால் மணியோ, அவருக்கு வேறு விமானம் கிடையாது.

இதைப் பி.ஏ.பி. என்ற பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனக்காரர்களுக்கு விளக்க எனக்கு அதிக நேரம் ஆகாது. முறைத் தண்ணீர் விடும் இரவில், மேல் மடைக்காரர் அடைத்துவிட்டாரா என்று உறுதியாகத் தெரியாமல் கீழ் மடையைத் திறக்க முடியாது. செல்போன் வராத காலத்தில் மேட்டில் நின்று டார்ச் அடித்துக் காட்டுவார்கள். வெளிச்சம் தெரியவில்லை என்றால் காத்திருக்க வேண்டியதுதான். தண்ணீர் வீணாகிறது என்று தெரிந்தும் இடைவெளி விடுவோம். விமானங்களுக்கும் அதே கதைதான். ஒன்று எங்கே என்று சரியாகத் தெரியாததால் அடுத்ததைப் பத்து நிமிடம் தள்ளி விட்டார்கள். அந்த வேகத்தில் பத்து நிமிடம் என்பது எண்பது கடல் மைல், நூற்றைம்பது கிலோமீட்டர். எரிபொருள் தீரத் தீர விமானம் எடை குறைந்து, இன்னும் உயரே ஏறினால் சிக்கனமாகப் பறக்கும். மேலே இன்னொன்று இருக்கலாம் என்ற சந்தேகத்தால் ஏற விடமாட்டோம். உங்கள் செய்தியில் சொன்ன மிச்சமெல்லாம் இந்தச் சந்தேகத்தைக் குறைப்பதில் வருவதுதான்.

இனி அந்த ஒரு இரவைச் சொல்கிறேன். 1993, கார்த்திகை மாதம், கடலில் காற்றழுத்தம். கிழக்கிலிருந்து ஒரு ஜம்போ வந்துகொண்டிருந்தது. நள்ளிரவு தாண்டிப் பத்து நிமிடத்தில் எங்கள் வான்வெளியின் எல்லைப் புள்ளியைத் தொட்டு எங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன். பதில் இல்லை. அலைவரிசை மாற்றிக் கூப்பிட்டேன். செல்கால் அனுப்பினேன், அது விமானி அறையில் மணியடித்து, உங்களை யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லும் வசதி. பதில் இல்லை. பக்கத்து வான்வெளியைப் பார்த்துக்கொள்ளும் மையத்துக்குப் போன் செய்தால், எங்களை விட்டுப் போய்விட்டதே என்றார்கள். கண்ட்ரோலர் என் பின்னால் வந்து நின்றார். அவர் நின்றது முதுகில் தெரிந்தது. முப்பது நிமிடம் ஆகிவிட்டால் விதிப்படி ‘நிச்சயமற்ற நிலை’ என்று அறிவித்து, தேடுதல் மீட்புக்கான முதல் படியைத் தொடங்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, இரைச்சலுக்குள் காதைப் புதைத்துக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

இருபத்தாறாவது நிமிடத்தில் வேறொரு விமானம், பின்னால் வெகு தூரத்தில் வந்துகொண்டிருந்தது, “மெட்ராஸ், உங்களுக்காக ஒரு தகவலைக் கைமாற்றுகிறேன்” என்றது. ஜம்போ நலம். பக்கத்து மையம் அதற்கு வேறு அலைவரிசையைச் சொல்லி அனுப்பியிருக்கிறது. விமானி பாவம், யாரும் இல்லாத அலைவரிசையில் எங்களை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கண்ட்ரோலர் ஒன்றும் பேசாமல் போய்ப் பட்டையில் நேரத்தை எழுதினார். நான் காதிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றியபோது ரப்பர் முழுக்க வேர்வை. நானூறு பேர் ஏறும் விமானம் அது. அவர்களில் ஒருவருக்காவது இப்படி ஒன்று நடந்தது தெரிந்திருக்காது.

நல்லபடியாக முடிந்த இருபத்தாறு நிமிடம் அது. முடியாததும் உண்டு.

2009 ஜூன் 1. ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸுக்குக் கிளம்பிய ஏர் பிரான்ஸ் 447, அட்லாண்டிக் நடுவே விழுந்தது. 228 பேர். அந்த விமானத்தில் செயற்கைக்கோள் வழியாகத் தன் இடத்தைத் தானே சொல்லும் வசதி இருந்தது. ஏடிஎஸ்-சி என்று பெயர். விமானிகள் அடுத்து வரவேண்டிய, செனகல் நாட்டு டாகர் கட்டுப்பாட்டு மையத்துடன் அதில் இணைய மூன்று முறை முயன்றார்கள். இணையவில்லை, ஏனென்றால் அந்த விமானத்தின் பயணத் திட்டம் அந்த மையத்தின் கணினிக்குள் இல்லை. கடைசி நிமிடங்களில் விமானம் செயற்கைக்கோள் வழியாக 24 தானியங்கிச் செய்திகளை அனுப்பியது. அவை பழுதுபார்ப்புப் பிரிவுக்கு எழுதப்பட்டவை, மீட்புப் படைக்கு எழுதப்பட்டவை அல்ல. விழுந்தது இரண்டே கால் மணி வாக்கில். அபாய அறிவிப்பு வெளியானது எட்டு மணிக்கு மேல். சிதைவை 3,900 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்க 2011 ஏப்ரல் வரை ஆனது.

2014 மார்ச் 8, மலேசியாவின் எம்.எச். 370 காணாமல் போனது. 239 பேர், அதில் ஐந்து பேர் இந்தியர். அன்று நான் பணியில் இல்லை, காலையில் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். பிறகு விசாரணை அறிக்கை வெளிவந்தபோது அதில் ஒரு விஷயத்தைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். விமானம் ரேடார் திரையிலிருந்து மறைந்தது அதிகாலை 1.21. ஐந்து நிமிடத்துக்குள் கேட்டிருக்க வேண்டிய அடுத்த மையம், எங்கே உங்கள் விமானம் என்று கேட்டது 1.39-க்கு. அதன் பிறகு விமான நிறுவனத்தின் செயல்பாட்டு மையத்திலிருந்து, விமானம் கம்போடிய வான்வெளியில் இருக்கிறது என்று தகவல் வந்தது. எல்லோரும் அதை நம்பி அந்தப் பக்கம் தேடினார்கள். மூன்றரை மணிக்குத்தான் தெரிந்தது: அவர்கள் பார்த்தது கணக்குப் போட்டு நகர்த்தப்பட்ட புள்ளி. விமானம் அங்கே இல்லவே இல்லை. மீட்பு ஒருங்கிணைப்பு மையத்தை எழுப்பியபோது மணி 5.30.

என் மனைவியின் செல்போனில் ஓரத்தில் இருந்த அந்தச் சின்ன எழுத்தை நான் ஏன் பார்த்தேன் என்று இப்போது புரியும். கேட்டறிந்த புள்ளிக்கும் கணக்குப் போட்ட புள்ளிக்கும் பார்வைக்கு வித்தியாசம் இருக்காது. இரண்டும் ஒரே நிறத்தில்தான் நகரும்.

அந்த விமானத்தைப் பற்றி இன்னொன்று. மலேசிய ராணுவ ரேடார் கடைசியாக அதைப் பார்த்தது என் 571 என்ற வான்தடத்தில். அந்தமான் கடலையும் வங்கக் கடலையும் தாண்டி நம் கரைக்கு வரும் தடம் அது. அந்தத் தடத்தில் வந்த விமானிகளின் குரலை நான் ஆயிரக்கணக்கான முறை எழுதியிருக்கிறேன். அதன் பிறகும் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே இருந்த இன்மார்சாட் செயற்கைக்கோள் ஒன்று காலை 8.19 வரை அந்த விமானத்தோடு தொடர்பில் இருந்தது. கருவி இருக்கிறதா என்று விசாரிக்கும் வெற்றுத் தொடர்பு, இடம் சொல்லாத தொடர்பு. செயற்கைக்கோள் இருந்தது, கேட்கவும் செய்தது. எங்கே என்று கேட்க யாரும் அதற்குச் சொல்லி வைக்கவில்லை.

இப்போது உங்கள் செய்திக்கு வருகிறேன். விமானத்தில் டிரான்ஸ்பாண்டர் என்ற கருவி இருக்கிறது. ஜி.பி.எஸ். கொடுத்த இடத்தை, உயரம், வேகம், பெயரோடு சேர்த்து 1,090 மெகாஹெர்ட்ஸில் வினாடிக்கு இரண்டு முறை சொல்லிக்கொண்டே போகும். இதற்கு ஏடிஎஸ்-பி என்று பெயர். யாரும் கேட்க வேண்டியதில்லை, தானே சொல்லும். நிலத்தில் வைத்த வாங்கிக்கும் ரேடார் மாதிரியே வளைவு தடை. வாங்கியை மேலே கொண்டுபோய்விட்டால்? அதைத்தான் ஏரியான் என்ற நிறுவனம் செய்தது. தனியாகச் செயற்கைக்கோள் விடவில்லை. தொலைபேசிக்காக இரிடியம் நிறுவனம் 2017-லிருந்து 2019 ஜனவரி வரை ஏவிய புதுச் செயற்கைக்கோள்களில் தன் வாங்கியை ஏற்றி அனுப்பியது. 780 கிலோமீட்டர் உயரத்தில் 66 செயற்கைக்கோள்கள், துருவத்திலிருந்து துருவத்துக்குச் சுற்றுகின்றன. எந்தக் கடலுக்கு மேலேயும் எந்த நேரமும் ஒன்றாவது இருக்கும். கேட்டதை ஒன்றுக்கொன்று கைமாற்றிக் கீழே அனுப்பும். எட்டு வினாடிக்குள் கண்ட்ரோலரின் திரையில் புள்ளி புதுப்பிக்கப்படும். இதற்கான அலைவரிசையை 2015 நவம்பரில் ஜெனிவாவில் கூடிய உலக வானொலி மாநாடு ஒதுக்கிக் கொடுத்தது. அவ்வளவு சீக்கிரம் ஒதுக்கியதற்குக் காரணம் எம்.எச். 370 என்று எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும்.

2019-ல் பிரிட்டனும் கனடாவும் வட அட்லாண்டிக்கில் இதைக் கொண்டு விமானங்களைப் பிரிக்கத் தொடங்கின. ஒரே தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் விமானங்களுக்கு இடையே 40 கடல் மைல் விட்டிருந்ததை 14 வரை குறைத்தார்கள். நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை. இன்மார்சாட் வழியாக ஏடிஎஸ்-சியும், குரலுக்குப் பதில் எழுத்தில் பேசும் சிபிடிஎல்சியும் என் காலத்திலேயே சென்னைக்கு வந்துவிட்டன. 2011-ல் வங்கக் கடல் தடங்கள் சிலவற்றில் இடைவெளி 50 கடல் மைலாகக் குறைந்தது. அந்த இடைவெளிகள் பாதுகாப்பானவைதானா என்று மாதா மாதம் தரவு வாங்கிக் கணக்குப் பார்க்கும் மையம் சென்னையில்தான் இருக்கிறது, நம் மாநிலத்துக்காரர்கள் பெருமைப்பட வேண்டிய வேலை அது. ஏரியானின் தரவை மும்பை, கொல்கத்தா, சென்னை மையங்களுக்குப் பெறவும் விமான நிலைய ஆணையம் ஒப்பந்தம் செய்தது.

இந்த இடத்தில்தான் நான் சொல்ல வந்தது. பதினான்கு கடல் மைல், எரிபொருள் மிச்சம் எல்லாம் நல்லதே. ஆனால் எட்டு வினாடிக்கு ஒருமுறை கேட்கும் காது கிடைத்த பிறகு அதன் முதல் பயன் என்ன? ஒரு விமானம் பேச்சை நிறுத்தினால் எட்டாவது வினாடியிலோ பதினாறாவது வினாடியிலோ அது தெரிய வேண்டும். அன்று இருபத்தாறு நிமிடம் நான் பட்ட அவஸ்தை, பிரெஞ்சு விமானத்துக்கு ஆறு மணி நேரம், மலேசிய விமானத்துக்கு நாலு மணி நேரம். இந்த நேரத்தைச் சுருக்குவதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. இடைவெளியைக் குறைப்பதைப் பணமாகக் கணக்குப் போட முடிகிறது, அதனால் அது செய்தியில் முதலில் வருகிறது. பேசாத நேரத்தைக் குறைப்பதற்கு அப்படி ஒரு கணக்கு இல்லை.

டிரான்ஸ்பாண்டரே நின்றுவிட்டால் செயற்கைக்கோளுக்கும் ஒன்றும் கேட்காது. அது உண்மை. ஆனால் ‘கேட்கவில்லை’ என்பதே ஒரு செய்தி. நகரும் புள்ளி நின்ற கணமே திரை கத்த வேண்டும். நின்ற புள்ளியை மதிப்பீட்டில் நகர்த்திக்கொண்டு போகக் கூடாது. நகர்த்தினாலும் வேறு நிறத்தில், வேறு வடிவத்தில் காட்ட வேண்டும். அப்புறம் அந்தச் சத்தத்தைக் கேட்ட மனிதர் யோசித்துக்கொண்டு உட்காராமல் போனை எடுக்க வேண்டும். 447-லும் 370-லும் கருவியை விட அதிகம் தவறியது இந்தக் கடைசிப் படி. பக்கத்து நாட்டு மையத்துக்கு நள்ளிரவில் போன் செய்து, உங்களிடம் இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்பட்டால் பிறகு மணிக்கணக்கில் கடல் காத்திருக்காது.

உலக விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ 2018 நவம்பர் முதல் கடலுக்கு மேலே போகும் பெரிய விமானங்கள் குறைந்தது 15 நிமிடத்துக்கு ஒருமுறை எங்கே என்று தெரிய வேண்டும் என்று விதித்திருக்கிறது. பதினைந்து நிமிடத்தில் ஜெட் விமானம் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். அது போதாது என்பதால்தான், ஆபத்து என்று விமானமே உணர்ந்தால் நிமிடத்துக்கு ஒருமுறை தானாக இடம் சொல்லும் கருவி புதிய விமானங்களுக்குக் கட்டாயமாகிறது. பழைய விமானங்களில் அது இல்லை, இன்னும் இருபது வருடம் அவை பறக்கும்.

இன்னொரு விமானத்தையும் சொல்லியாக வேண்டும். 2016 ஜூலை 22 காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய நம் விமானப்படையின் ஏ.என். 32. அதில் 29 பேர். சென்னைக்குக் கிழக்கே 151 கடல் மைல் தொலைவில் இடப்பக்கம் திரும்பி வேகமாக உயரம் இழந்ததை ரேடார் பார்த்தது. அதாவது இடம் தெரியும். தெரிந்தும், அதன் உடைந்த பாகங்களைத் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லாக் கலம் 3,400 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்ததாகப் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது 2024 ஜனவரியில். ஏழரை வருடம். தண்ணீருக்கு அடியில் சத்தமிடும் கருவி அதில் இல்லை. சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அங்கும் அந்தமானிலும் வேலையில் இருக்கிறார்கள். பயணிகள் விமானத்துக்குக் கட்டாயமாக்கும் பாதுகாப்பைக் கடல் தாண்டும் ஒவ்வொரு அரசு விமானத்துக்கும், போர்ப் பணியில் இல்லாத பயணங்களிலாவது, கொடுக்க வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு? அந்த 29 வீடுகளிலும் ஏழரை வருடம் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்தப் புது முறை முழுவதும் ஜி.பி.எஸ்-ஐ நம்பி நிற்கிறது. போர் நடக்கும் பகுதிகளுக்கு அருகில் பொய்யான ஜி.பி.எஸ். சமிக்ஞை கொடுத்து விமானங்களைக் குழப்புவது நடக்கிறது. 2023 நவம்பரில் நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகமே இதற்காகச் சுற்றறிக்கை விட்டது. விமானத்துக்கே தன் இடம் தவறாகத் தெரிந்தால், அது சொல்லும் தவறைச் செயற்கைக்கோள் அட்சரம் பிசகாமல் கேட்டு அனுப்பும். அதனால் எச்.எஃப். ரேடியோவைக் கழற்றி மூலையில் வைத்துவிடாதீர்கள் என்று என் பின்னால் வந்த தம்பிகளுக்குச் சொல்வேன். சூரியனில் புயல் அடித்தால் எச்.எஃப். செத்துப்போகும், அப்போது செயற்கைக்கோள் உதவும். செயற்கைக்கோள் குழம்பினால் ஒரு குரல் உதவும். புள்ளியைத் திரையில் மட்டுமே பார்த்துப் பழகியவருக்குப் புள்ளி இல்லாமல், பட்டையையும் கடிகாரத்தையும் வைத்து விமானங்களைப் பிரிக்கும் பயிற்சி வருடத்துக்கு ஒரு முறையாவது கொடுக்க வேண்டும்.

கோவை விமான நிலையத்தில் போய் நின்று பாருங்கள். சார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் அபுதாபிக்கும் போகிறவர்கள் யார்? திருப்பூர் பனியன் கம்பெனி ஆட்கள், கரூர் ஏற்றுமதிக்காரர்கள், வேலைக்குப் போகும் ஈரோட்டு, தாராபுரத்துப் பிள்ளைகள், பேரனைப் பார்க்கப் போகும் எங்களைப் போன்றவர்கள். நாலு பக்கமும் நிலம் சூழ்ந்த ஊர் எங்களுடையது. கடல் என்றால் வருடத்துக்கு ஒரு தடவை ராமேஸ்வரமோ திருச்செந்தூரோ போனால்தான். ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து வெளிநாடு போகும் விமானம் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கடலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். கடலுக்கு மேலே என்ன நடக்கிறது என்பது கடற்கரைக்காரர்களுக்கு மட்டுமான கவலை இல்லை.

அதனால் ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தங்கள் நிருபர் அடுத்த முறை விமான நிலைய ஆணைய அதிகாரிகளைச் சந்திக்கும்போது, எவ்வளவு எரிபொருள் மிச்சம் என்பதோடு இந்தக் கேள்வியையும் கேட்கச் சொல்லுங்கள். வங்கக் கடலின் நடுவே ஒரு விமானம் பேச்சை நிறுத்தினால் சென்னை மையத்தில் எத்தனையாவது வினாடியில் மணி அடிக்கும்? அந்த மணி அடித்ததிலிருந்து கடலோரக் காவல்படைக்குப் போன் போக எத்தனை நிமிடம்? கடைசியாக அதை எந்தத் தேதியில் ஒத்திகை பார்த்தார்கள்? கிடைக்கும் பதிலை அப்படியே முதல் பக்கத்தில் போடுங்கள். சித்திரையில் மகள் குடும்பம் மறுபடி வருகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானத் தகவல் தொடர்பு அலுவலர்,
நெகமம் அருகில், கோவை மாவட்டம்.